எட்டாம் நம்பர் கால்

இடது கை கட்டையைத் தொடையோடு அணைத்துப் பிடித்திருந்தது. வலது கை அரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அரம் நிற்கும். கையின் பெருவிரல் கட்டையின் மேல் மெல்ல நகர்ந்து, குதிகாலின் உருண்டையையும் உள்ளங்காலின் குழியையும் தடவிப் பார்க்கும். எங்கோ ஒரு மயிரிழை தடிப்பு இருப்பதாக அதற்குப் படும். மறுபடி அரம். வெளுத்த மரத்தூள் மடியில் விரித்த சாக்கில் விழுந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, காலு செய்யறீங்களா, பல்லு குத்துற குச்சி செய்யறீங்களா? இப்படியே போனா ஒண்ணும் மிஞ்சாது போல."

பக்கத்து அறையில், ஜன்னல் ஓரத்து நாற்காலியிலிருந்து மனைவியின் குரல்.

"பேசாம உக்காரு. காலை அசைக்காத."

"அசைக்கிறதுக்குத்தான நீங்க அங்க சொரண்டிட்டு இருக்கீங்க?"

அரம் ஒரு நொடி தயங்கி, பிறகு ஓடியது.

அவளுடைய இடது கால் ஒரு முக்காலியின் மேல் துணிக்கட்டோடு நீட்டியிருந்தது. புண் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் சர்க்கரை உள்ள உடம்பு. அதே இடத்தில் இன்னொரு முறை ஷூ உரசிப் புண்ணானால் விரலை எடுக்க வேண்டி வரும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பொருந்தாத ஷூவைப் போடவும் கூடாது, நடக்காமல் உட்கார்ந்தே இருக்கவும் கூடாது என்றார். "அப்ப என்னைப் பறக்கச் சொல்றாரா?" என்று அவள் வெளியே வந்ததும் கேட்டாள். அன்று மாலைதான் கணவர் பரண் மேலிருந்த கருவிப் பெட்டியை இறக்கினார்.

ஊரில் அவரை எல்லோரும் 'எட்டு' என்பார்கள். வயதில் சிறியவர்களுக்கு 'எட்டு சார்'. அந்தப் பெயர் ஷூ தொழிற்சாலையில் வந்தது.

அப்போது நாடு முழுவதற்கும் ஷூ செய்ய ஒரே ஒரு அரசுத் தொழிற்சாலைதான் இருந்தது. அது எங்கள் ஊரில் இருந்தது. வருடத்துக்கு எத்தனை ஜோடி, எந்தப் பள்ளிக்கு எத்தனை, எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை என்பதெல்லாம் தலைநகரில் திட்ட அலுவலகத்தில் முடிவாகும். ஆண்களுக்கு ஐந்து அளவு, பெண்களுக்கு நாலு, பிள்ளைகளுக்கு மூன்று. அகலம் ஒன்றே ஒன்று. நிறம் கறுப்பு. பழுப்பு நிறத்திலும் செய்யலாம் என்று யாரோ ஒரு யோசனை அனுப்பினார்கள். தொழிற்சாலையை மூடும் வரையில் அது பரிசீலனையில் இருந்தது.

ஷூ தைக்க முதலில் அச்சுக்கட்டை வேண்டும். கால் வடிவில் செதுக்கிய மரக்கட்டை அது. அதன் மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் தைப்பார்கள். கட்டை எப்படியோ ஷூ அப்படி. அவர் அந்தக் கட்டைப் பிரிவில் மரத்தூள் கூட்டுபவராகச் சேர்ந்தவர். யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டிக்கொண்டே பார்த்தார். வீணாய்ப் போன கட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செதுக்கினார். ஒரு நாள் ஆள் குறைந்தபோது விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அரத்தை எடுத்தார். அதற்குப் பிறகு விளக்குமாற்றைத் தொடும்படி யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி டேப்போடு வந்தார். பள்ளிகளிலும் சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கான கால்களை ஏற்கெனவே அளந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, நாட்டின் சராசரிக் கால் இதுதான் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இனி அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற, உயிருள்ள ஒரு கால் வேண்டும். ஷூவைப் போட்டு நடந்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. தொழிலாளர்கள் வரிசையாகக் காலை நீட்டினார்கள். இவர் முறை வந்ததும் அதிகாரி ஒருமுறை அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார்.

"ஏம்பா, இது நீ பொறக்கும்போதே வந்த காலா, இல்ல எங்க கணக்கைப் பாத்து அப்புறம் செதுக்குனதா?"

நடு அளவான எட்டாம் நம்பருக்கான தாய்க்கட்டையை அவர் காலைப் பார்த்து அவரே செதுக்கினார். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. ஏழு என்றால் அவர் கால் கொஞ்சம் சுருங்கியது, ஒன்பது என்றால் கொஞ்சம் பருத்தது. பெண்களின் அளவும் அதே கால்தான், நடுவில் சற்று ஒடுக்கியது. புதிதாக ஒரு தொகுதி தொடங்கும்போதெல்லாம் முதல் ஜோடியை அவர் போட்டுக்கொண்டு பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார். கதவருகே நிற்கும் அதிகாரி கேட்பார்:

"எங்கயாவது கடிக்குதா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். நாடு முழுக்க அந்த ஷூ போய்விடும்.

மழைக்காலத்தில் எங்கள் தெருச் சேற்றில் ஒரே மாதிரித் தடங்கள் கிடக்கும். ஒருவர் வீட்டுக்குத் திருடன் வந்துபோனான். தடம் பார்க்க வந்த போலீஸ்காரர், தன் ஷூவைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் வாசல் முழுக்கக் கறுப்பு ஷூக்கள். எது யாருடையது என்று தெரியாது. அதனால் எல்லோரும் கயிறு கோர்க்கும் துளை ஒன்றில் ஆளுக்கொரு நிற நூலைக் கட்டி வைத்திருந்தோம். எங்கள் வீட்டு நூல் பச்சை. பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகப் புது ஷூ கிடைக்கும். வகுப்பு முழுவதும் புதுத் தோல் வாசனை. தொழிற்சாலை மேலாளரின் மகனும் கேட் காவலாளியின் மகனும் ஒரே மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டு நடப்பார்கள். அந்த வாசனை இப்போது எங்கேயாவது வந்தால் எங்கள் வயதுக்காரர்கள் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவோம்.

எல்லாக் காலும் அவர் கால் ஆகுமா? அகலக் கால்காரர்கள் ஷூவின் பக்கவாட்டைப் பிளேடால் கிழித்துக்கொள்வார்கள். தபால்காரர் அப்படி இரண்டு பக்கமும் கிழித்திருந்தார். எட்டைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் காலைத் தூக்கிக் காட்டுவார்.

"எட்டு, என் சுண்டுவிரலு ஜன்னல்ல நின்னு உங்களுக்கு வணக்கம் சொல்லுது பாருங்க."

"சொல்லட்டும், சொல்லட்டும். மழை பெஞ்சா உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க."

எட்டும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குப் போனதும் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்னால் எட்டுக்கு மனைவியானவள் அப்போது அதே தொழிற்சாலையில் பாலிஷ் மேசையில் இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய இடது கால் வளர்ச்சியில் பின்தங்கிவிட்டது. வலது காலுக்கு ஐந்து வேண்டும், இடது காலுக்கு மூன்று. ஐந்தாம் நம்பர் ஜோடியை வாங்கி இடதில் துணியை அடைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு ஜோடியைப் பிரித்துத் தர முடியுமா என்று அதிகாரியிடமே போய்க் கேட்டாள்.

"உனக்காகப் பிரிச்சா மிச்சம் ரெண்டு ஷூவ நான் யாருக்கும்மா போடறது? ஒருத்திக்காகத் திட்டத்த மாத்த முடியுமா? உன் காலுக்கு நேர் எதிரா இருக்கிற ஒருத்தியக் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்கும் தாரேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று இரண்டு மாவட்டங்களுக்கு எழுதிக் கேட்கவும் செய்தார். பதில் வரவில்லை.

பாலிஷ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கழிவுக் கூடை இருந்தது. தோலில் தழும்பு, தையலில் கோணல் என்று ஏதாவது ஒரு குறை இருந்தால் அந்த ஷூ அதற்குள் போய்விடும். அதன் ஜோடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூடவே போகும். ஒற்றை ஷூ கணக்கில் வராது. ஒரு நாள் வேலை முடிந்த பிறகு எட்டு அந்தக் கூடைக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நாள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பாலிஷ் மேசையில் வைத்தார். உள்ளே இடது மூன்று, வலது ஐந்து.

"குதியில ஒரு தழும்பு இருக்கு. ஆனா கடிக்காது."

"எப்படித் தெரியும்? நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"என் கால் நுழையாதே."

"நாட்டுக்கே நுழையற கால்னு சொன்னாங்க."

 அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பொட்டலம் வந்தது. கல்யாணத்துக்குத் தரகர் யார் என்று கேட்டவர்களிடம் அவள் கழிவுக் கூடையைக் காட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகும் வருடத்துக்கு ஒரு பொட்டலம் தவறியதில்லை.

பிறகு எல்லாம் மாறியது. யாரும் எதையும் செய்யலாம், எங்கிருந்தும் கொண்டுவந்து விற்கலாம் என்றானது. கறுப்பு ஷூவைப் பள்ளிகள் வாங்கவில்லை, சுரங்கங்கள் வாங்கவில்லை. கொஞ்ச காலத்தில் தொழிற்சாலையின் கேட்டைப் பூட்டினார்கள். கடைத்தெருவில் கண்ணாடிக் கடைகள் வந்தன. ஷூவில் இத்தனை நிறங்கள் உண்டா என்று நாங்கள் வேடிக்கை பார்க்கவே போனோம். தபால்காரர் அகலமான ஷூ ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு நேராக எட்டின் வீட்டுக்கு வந்தார்.

"எட்டு, சுண்டுவிரலு வீட்டுக்குள்ள வந்துருச்சு!"

எட்டு அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஷூவின் மேல் கட்டைவிரலால் அழுத்தி, விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. "நல்லாயிருக்கு, ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லி, இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷந்தான்.

மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையும் கடைத்தெருவில் ஷூ கடை வைத்தார். சுறுசுறுப்பான பிள்ளை. எதிர்க் கடையில் விலை குறைத்தால் சாயங்காலத்துக்குள் இவரும் குறைப்பார். மாமியாரை ஒரு நாள் கடைக்குக் கூட்டிப்போய் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஒரு சிவப்பு ஷூவைக் கையில் எடுத்தாள். வாழ்நாள் முழுவதும் கறுப்பையே தேய்த்துப் பளபளப்பாக்கியவள். அதைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கால்களுக்கும் வெவ்வேறு அளவு அங்கேயும் கிடைக்கவில்லை. வலது காலுக்குச் சரியானதை வாங்கி, இடதில் பழையபடி துணியை அடைத்துக்கொண்டாள். துணியின் மடிப்பு விரலை உரசியது. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. லேசாகப் புண் தெரிந்த பிறகும், சிவப்பு ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார்களே என்று காலுறைக்குள் மறைத்தாள்.

அதனால்தான் இப்போது முக்காலி, கட்டு, அரம்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். கையில் மெல்லிய சிவப்புத் தோல் சுருள். மாமா கேட்டதற்காக எங்கோ அலைந்து வாங்கி வந்திருந்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இப்ப கடைத்தெருவுல இல்லாத சைஸே இல்ல. எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படுறீங்க?"

"அப்ப உங்க அத்தைக்கு மட்டும் ஏன் இல்ல, மாப்பிள்ளை?"

"அத்தை ஒருத்தருக்காக ஜோடியப் பிரிச்சுக் குடுன்னா எந்தக் கம்பெனி குடுப்பான்? மிச்சம் ரெண்ட யாரு தலையில கட்டுறது? கட்டுப்படியாகாது மாமா."

எட்டு அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையிலும் சிரிப்பு கேட்டது.

"என்ன மாமா? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"தப்பே இல்ல மாப்பிள்ளை. எங்க ஆபீசரும் வார்த்தை மாறாம இதத்தான் சொன்னாரு. ஆனா அவரு ரெண்டு மாவட்டத்துக்கு எழுதிப் போட்டாரு."

"அவர்கிட்ட கூடையாவது இருந்துச்சு," என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "உங்க கடையில கூடை எங்க மாப்பிள்ளை?"

"கூடையா? என்ன கூடை?"

அவருக்கு யாரும் விளக்கவில்லை.

கட்டைகள் முடிந்தன. சிவப்புத் தோலை இழுத்துப் பிடித்து, தைத்து, உள்ளே மெல்லிய துணி ஒட்டி, ஒரு ஜோடி தயாரானது. அவள் கட்டு அவிழ்த்த காலை நுழைத்தாள். வீட்டு நடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். அவர் கதவருகே நின்றார்.

"எங்கயாவது கடிக்குதா?"

"அப்படியே ஆபீசர் கேக்குற மாதிரி கேக்குறீங்க. ஒண்ணும் கடிக்கல. பஞ்சு மாதிரி இருக்கு."

 அவளை உட்கார வைத்து, கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றினார். பெருவிரலின் ஓரத்தில், ஆறிய புண்ணுக்கு மேலேயே, ஒரு சிவந்த கோடு.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியலையேங்க," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பயத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். நீளம் சரி, சுற்றளவு சரி. இடது கட்டையை எடுத்துக்கொண்டு போய், அலமாரியில் இத்தனை காலமாக வைத்திருந்த தன் பழைய எட்டாம் நம்பர் தாய்க்கட்டையின் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டும் அம்மாவும் குழந்தையும் போல நின்றன. அதே மேடு, அதே குழி, பெருவிரல் அதே பக்கம் சாய்ந்திருந்தது. அளந்த இடங்களில் எல்லாம் அவள் கால். அளக்காத இடங்களில் கை தனக்குத் தெரிந்த காலைச் செதுக்கிவிட்டது.

அவள் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என் கால் இல்ல. உங்க கால் குட்டி போட்டிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. அறைக்குள் கருவிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"பெட்டிய எதுக்கு மூடுறீங்க?"

"கை ஒரே தடத்துல போகுது. நாடு பூரா இந்தக் கையாலதான் எத்தனை பேருக்குக் கடிச்சுதோ. உன் விரலையும் நான் ஏன் கெடுக்கணும்?"

"நாடு இப்ப வேற ஷூ வாங்கிப் போட்டுக்கிச்சு, அத விடுங்க. நான்தான் இங்க உக்காந்திருக்கேன். வந்து காலைப் பிடிங்க. இத்தனை வருசம் கூடையில நம்பரைத்தான் தேடினீங்க, காலைப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். பார்த்ததில்லைதான்.

வெந்நீரில் காலைக் கழுவி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. குதிகால் ஒரு சிறுமியுடையதுபோல் ஒடுங்கியிருந்தது. உள்ளங்காலில் அவர் விரல் பட்டதும் அவள் கூச்சத்தில் நெளிந்தாள். முன்பக்கம் விரல்களை அழுத்தியபோது நெளியவில்லை. அங்கே மறுபடி அழுத்தினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பிடிச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றாள்.

இனி அவளைக் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. தொழிற்சாலையில் தன்னைக் கேட்டும் பயனில்லாமல்தான் இருந்திருக்கிறது. தன் காலுக்குச் செய்த ஷூ தன்னை எப்படிக் கடிக்கும்?

புதுக் கட்டையை எடுத்தார். எப்போதும் பெருவிரல் பக்கத்திலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். இந்த முறை கட்டையைத் திருப்பி, குதிகாலில் தொடங்கினார். பழகாத திசையில் கை தடுமாறியது. தடுமாறிய இடத்தில் எல்லாம் அரத்தை வைத்துவிட்டு, எழுந்து போய் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வேலை நத்தைபோல் நகர்ந்தது. "காலு இங்கயே இருக்கு, எங்கயும் ஓடிடாது" என்று அவள் அலுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு முறையும் காலை நீட்டினாள்.

சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஷூவின் உள்பக்கம் முழுவதும் நீலச் சுண்ணக்கட்டியைப் பொடித்துப் பூசினார். அவளுக்கு வெள்ளைக் காலுறை போட்டு நடையில் நாலு அடி மட்டும் நடக்கவிட்டார். கழற்றிப் பார்த்தால் எங்கே ஷூ அழுத்துகிறதோ அங்கே காலுறையில் நீலம் அப்பியிருக்கும். அந்த இடத்துக்கு விடுதலை கொடுக்கக் கட்டையைத் திருத்தி, தோலை மறுபடி இழுத்தார். மகள் வந்து வந்து காலுறைகளைத் துவைத்துப் போட்டாள். கொடியில் நீலம் படிந்த காலுறைகள் தொங்குவதைப் பார்த்துத் தெருவில் யாரோ இங்க் கம்பெனி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

நீலம் நாளுக்கு நாள் குறைந்தது. முதலில் குதியில் போனது. பிறகு ஓரத்தில். பெருவிரலின் பக்கம் மட்டும் ஒரு பொட்டு அளவுக்குப் பிடிவாதமாக நின்றது. அது போக வேண்டுமானால், மேலேறிய இரண்டாம் விரலுக்காகத் தோலை ஒரு நெல்மணி உயரம் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினார்.

ஒரு காலையில் காலுறை வெள்ளையாகவே வந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் விரலையும் பார்த்தார். கோடு இல்லை. நம்பாமல் அன்று மாலையும் நடக்க வைத்தார். மாலையில் கால் கொஞ்சம் வீங்கும். அப்போதும் வெள்ளை.

"பாலிஷ் எடுங்க, நான் போடறேன். அது என் வேலை," என்றாள் அவள்.

"இன்னைக்கு நீ கஸ்டமர். சும்மா உக்காரு."

"கஸ்டமருக்கு நீன்னா பேசுவாங்க?"

"சரிங்க மேடம், உக்காருங்க."

அவர் சிவப்பு பாலிஷைத் துணியில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே, குதியில இன்னும், கயிறு ஓரத்துல இன்னும் என்று மேற்பார்வை பார்த்தாள். கடையிலிருந்து வந்த மாப்பிள்ளை, மாமியாருக்காக ஒரு நல்ல அட்டைப்பெட்டி கொண்டு வந்திருந்தார்.

"இதுல வெச்சுக் குடுங்க மாமா. மேல நம்பர் போட இடம் இருக்கு. என்ன நம்பர் போட?"

"பெட்டி வேண்டாம் மாப்பிள்ளை. அந்தப் பழைய பேப்பர எடுங்க."

செய்தித்தாளை விரித்தார். சின்ன ஷூவை இடப்பக்கமும் பெரியதை வலப்பக்கமும் வைத்து, மடித்து, ஓரங்களை உள்ளே செருகினார். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை காலத்துக்குப் பிறகும் என்ன சொல்லி நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தழும்பு இல்ல," என்றார்.

"கடிக்காதா?"

"எனக்குத் தெரியாது. காலுறையப் பாத்துதான் சொல்ல முடியும். தினமும் பாக்கணும்."

"தினமும் நீங்களே பாருங்க," என்று சொல்லி, அவள் இரண்டு கைகளையும் நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.